கடிகாரத்தை நம்பாமல் பேக் செய்வது எப்படி? கேக், ரொட்டி, பாஸ்தா, சூப், குக்கீ: ஒரு முழுமையான வழிகாட்டி

நான் செய்த முதல் கேக்கின் நடுவில் ஒரு குழி. செய்முறையில் 35 நிமிடம் என்று போட்டிருந்தது, நானும் மணி பார்த்துச் சரியாக 35-வது நிமிடத்தில் எடுத்தேன். ஓவனுக்குள் கும்மென்று உப்பி நின்ற கேக், மேசைக்கு வருவதற்குள் பெருமூச்சு விட்டதுபோல அமுங்கிப்போனது. வெட்டினால் உள்ளே கூழ். மாவில் குறையா, முட்டையில் குறையா, பேக்கிங் பவுடர் பழசா என்று மூன்று மாதம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஓவனுக்குள் தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி மாட்டியபோதுதான் குட்டு உடைந்தது. குமிழை 180-க்குத் திருப்பினால் உள்ளே இருந்தது 155 டிகிரி.

அன்றிலிருந்து செய்முறைகளில் வரும் நிமிடக் கணக்கை நான் ஒரு யோசனையாக மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவருடைய ஓவன் வேறு, டின் வேறு, அன்றைய சமையலறைச் சூடு வேறு. வெந்துவிட்டதா என்று மாவைத்தான் கேட்க வேண்டும், அது நிறமாகவும் மணமாகவும் சத்தமாகவும் பதில் சொல்லும். கீழே ஐந்து செய்முறைகள் இருக்கின்றன. நிமிடமும் சொல்லியிருக்கிறேன், ஆனால் அதன் பக்கத்தில் இருக்கும் அடையாளத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். வெப்ப அளவெல்லாம் செல்சியஸ்.

முதலில் உங்கள் ஓவனோடு பழகுங்கள்

வெப்பமானி வாங்குவதுதான் முதல் செலவு, மற்ற அலங்கார அச்சுகளெல்லாம் பிறகு. ஓவனை 180-இல் போட்டு இருபது நிமிடம் விட்டுவிட்டு வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 165 காட்டினால் இனி நீங்கள் 195-க்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஓவனில் விளக்கு அணைந்ததும் 'சூடாகிவிட்டது' என்று நினைக்காதீர்கள். அப்போது காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவர்களும் கம்பித் தட்டும் சூடேற இன்னும் பத்து நிமிடமாவது ஆகும். கதவைத் திறந்தவுடன் காற்றின் சூடு ஓடிவிடும், சுவரில் ஏறிய சூடுதான் நிற்கும்.

இரண்டாவது சோதனைக்குச் செலவே இல்லை. கம்பித் தட்டு முழுவதும் ரொட்டித் துண்டுகளை அடுக்கி 180-இல் வைத்து, நிறம் மாறத் தொடங்கியதும் எடுங்கள். எந்த மூலைத் துண்டு கருகியது, எது வெளுப்பாகவே இருக்கிறது என்று பார்த்தால் உங்கள் ஓவனின் வரைபடம் கையில் வந்துவிடும். என்னுடையதில் பின்பக்க இடது மூலை ஒரு குட்டிச்சாத்தான். அதனால் எதை வைத்தாலும் முக்கால்வாசி வெந்ததும் தட்டை ஒருமுறை திருப்பி வைத்துவிடுவேன்.

விசிறி ஓடும் ஓவன் என்றால் செய்முறையில் சொன்னதைவிட 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். ஃபாரன்ஹீட்டில் எழுதிய செய்முறை கிடைத்தால் 350 என்பது இங்கே 180, 400 என்பது 200, 425 என்பது 220. மேசைமேல் வைக்கும் சின்ன ஓவனில் மேல்கம்பி டின்னுக்கு மிக அருகில் இருப்பதால் உள்ளே வேகும் முன்பே மேல்புறம் சிவந்துவிடும். கீழ்த்தட்டில் வையுங்கள், நிறம் வந்தவுடன் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள்.

கப்பைத் தூக்கி வைத்துவிட்டுத் தராசை எடுங்கள்

ஒரு கப் மைதா எவ்வளவு? கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு மேலே வழித்தால் 120 கிராம். கப்பையே பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போகும். அதே கப், அதே மாவு, நாலில் ஒரு பங்கு வித்தியாசம்! கேக் கல்லாகிப்போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு கிராம் வரை காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாவற்றையும் அதிலேயே கொட்டலாம், கழுவும் பாத்திரமும் குறையும். உப்பு, சோடா, ஈஸ்ட் போன்றவற்றுக்கு மட்டும் ஸ்பூன்: ஒரு டீஸ்பூன் 5 மில்லி, ஒரு டேபிள்ஸ்பூன் 15 மில்லி, இரண்டும் தலைதட்டி.

முட்டை, தயிர், பால், எல்லாம் ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்துக் குளிர் போகவிடலாம். மறந்துவிட்டால் முட்டையை ஓடோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள்.

எது எதை உப்ப வைக்கிறது

பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. சோடா வெறும் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான பொருள். தயிர், பழம், எலுமிச்சைச் சாறு என்று புளிப்பு ஏதாவது கூட இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்து வாயுவைக் கிளப்பும், இல்லையென்றால் கேக்கில் சோப்பு வாடை. பேக்கிங் பவுடர் என்பது அதே சோடாவோடு உலர்ந்த அமிலமும் கொஞ்சம் மாவுச்சத்தும் சேர்ந்த கலவை. பெரும்பாலும் அது இரண்டு தடவை வேலை செய்யும், ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் மிச்சம். அதனால் பவுடர் போட்ட கலவை சிறிது நேரம் காத்திருக்கும். சோடா மட்டும் போட்டது காத்திருக்காது, கலந்த கையோடு ஓவனுக்குள் போக வேண்டும்.

டப்பா பழசாகிவிட்டதா என்று சந்தேகமா? பவுடரில் அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள், சோடாவை வினிகரில் போடுங்கள். சீறிக்கொண்டு நுரை பொங்கவில்லையென்றால் குப்பைத்தொட்டி.

ஈஸ்ட் வேறு சாதி, உயிருள்ளது. மாவிலிருக்கும் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். சமையலறைச் சூட்டில், 24-லிருந்து 27 டிகிரிக்குள் அது குஷியாக இருக்கும், 60-ஐத் தொட்டால் செத்துவிடும்.

பிறகு குளூட்டன். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள இரண்டு புரதங்கள் சேர்ந்து ரப்பர் போல ஒரு வலை பின்னும். பிசையப் பிசைய வலை உறுதியாகும். ரொட்டிக்கு அது வேண்டும், வாயுவைப் பிடித்து வைப்பதே அந்த வலைதான். கேக்குக்கு வேண்டாம். இந்த ஒன்று புரிந்துவிட்டால் எந்தக் கலவையை எவ்வளவு நேரம் கிண்டலாம் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

வாழைப்பழ கேக்: மெஷின் வேண்டாம், ஒரு கிண்ணம் போதும்

முதல் தடவை பேக் செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தப்பு செய்தாலும் மன்னித்துவிடும் கேக்.

வேண்டியவை: தோல் உரித்த வாழைப்பழம் 350 கிராம், மைதா 220 கிராம், சர்க்கரை 130 கிராம், வாசனை இல்லாத எண்ணெய் 100 மில்லி, முட்டை 2, தயிர் 60 கிராம், பேக்கிங் சோடா 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். சுமார் 23 x 13 செ.மீ. அளவுள்ள நீள டின்.

பழம் தோலெல்லாம் கறுத்து, கையில் எடுத்தால் தொளதொளவென்று இருக்க வேண்டும். மஞ்சள் பழத்தில் மாவுச்சத்து இன்னும் முழுதாகச் சர்க்கரையாக மாறியிருக்காது, வாசனையும் பாதிதான். சாப்பிட யாரும் தொடாத பழம்தான் கேக்குக்குச் சரியான பழம்.

1. ஓவனை 180-க்குச் சூடாக்குங்கள். டின்னுக்குள் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள். பிறகு அதைப் பிடித்துத்தான் கேக்கைத் தூக்கப்போகிறீர்கள்.

2. பழத்தை முள்கரண்டியால் மசியுங்கள். மிக்ஸியில் அடிக்க வேண்டாம், அங்கங்கே கொஞ்சம் கட்டி இருந்தால்தான் சாப்பிடும்போது பழம் தெரியும்.

3. அதிலேயே சர்க்கரை, எண்ணெய், முட்டை, தயிர் சேர்த்து விஸ்க்கால் (முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி) ஒரு நிமிடம் நன்றாக அடியுங்கள். இந்தக் கட்டத்தில் எவ்வளவு அடித்தாலும் குற்றமில்லை, மாவு இன்னும் உள்ளே வரவில்லை.

4. மைதா, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்து மேலேயே சலித்துப் போடுங்கள். இப்போது விஸ்க்கை வைத்துவிட்டு ரப்பர் கரண்டி. அடியிலிருந்து மேலே மடித்து மடித்துப் புரட்டுங்கள், பதினைந்து இருபது தடவை. காய்ந்த மாவு கண்ணில் படாத நொடியில் கையை எடுத்துவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் வழவழப்பாக வரட்டுமே' என்று தோன்றும். அந்த ஆசையில்தான் கேக் ரப்பராகிறது.

5. உடனே டின்னில் ஊற்றி ஓவனில் நடுத்தட்டில் வையுங்கள். 50-லிருந்து 60 நிமிடம்.

முதல் 35 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே மாவு இன்னும் கெட்டிப்படாமல் குமிழிகளின் தயவில் நின்றுகொண்டிருக்கும், குளிர்காற்று பட்டால் உட்கார்ந்துவிடும். நாற்பது நிமிடத்துக்குப் பக்கத்தில் வீடு முழுக்க மணம் பரவும். மணம் வந்தது என்றால் வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை, போய்ப் பார்க்க வேண்டிய நேரம் என்று அர்த்தம். மேலே நீளமாக ஒரு வெடிப்பு விழுந்திருக்கும், அந்த வெடிப்புக்குள் பாருங்கள். ஈரமாக மின்னினால் இன்னும் பத்து நிமிடம். நடுவில் விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் மறைந்து எழும்ப வேண்டும். டூத்பிக்கைக் குத்தி எடுத்தால் ஓரிரு துகள் ஒட்டலாம், ஈர மாவு ஒட்டக் கூடாது. கேக்கின் ஓரம் டின்னைவிட்டு மயிரிழை விலகியிருப்பதும் ஒரு நல்ல அறிகுறி.

டின்னிலேயே பத்து நிமிடம், பிறகு பேப்பரோடு தூக்கிக் கம்பி ரேக்கில் ஆறவிடுங்கள். டின்னிலேயே விட்டுவிட்டால் நீராவி கீழே தங்கி அடிப்பாகம் நசநசத்துவிடும். இந்தக் கேக் மறுநாள்தான் உண்மையில் ருசி.

முட்டை வேண்டாம் என்றால் இரண்டு முட்டைக்குப் பதில் தயிரை இன்னும் 100 கிராம் கூட்டி, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேருங்கள். கொஞ்சம் அடர்த்தியாக வரும், ஆனால் வரும்.

ரொட்டி: அவசரப்படாதவர்களுக்கு

கடையில் எளிதில் கிடைப்பதை எதற்கு அரைநாள் செலவழித்து வீட்டில் செய்ய வேண்டும்? ஒருமுறை செய்து, ஆறியும் ஆறாததுமாக ஓரத்துண்டை வெட்டி வெண்ணெய் தடவித் தின்றுவிட்டு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அதோடு, அரைநாளில் உங்கள் கை வேலை இருபது நிமிடம்தான். மிச்ச நேரம் ஈஸ்ட்டுக்குச் சம்பளமில்லாத வேலை.

வேண்டியவை: மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 20 கிராம், உப்பு 10 கிராம், வெதுவெதுப்பான பாலும் தண்ணீரும் சரிபாதியாக 320 மில்லி, உருகாமல் இளகிய வெண்ணெய் 30 கிராம். கேக்குக்குச் சொன்ன அதே டின். ரொட்டிக்கென்றே விற்கும் புரதம் கூடிய மாவு கிடைத்தால் இன்னும் நன்று.

என் இரண்டாவது ரொட்டி எழும்பவே இல்லை. ஈஸ்ட் சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று நல்ல சூடான தண்ணீரை ஊற்றியிருந்தேன், ஒரே ஊற்றில் மொத்த ஈஸ்ட்டும் காலி. இப்போது மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

1. மாவு, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் கலந்து 300 மில்லி பால்தண்ணீரை ஊற்றிக் கிளறுங்கள். மாவுக்கு மாவு தண்ணீர் குடிக்கும் அளவு மாறும், அதனால் கடைசி 20 மில்லியைக் கையில் வைத்திருங்கள். காய்ந்த மாவு அடியில் மிஞ்சினால் மட்டும் ஊற்றுங்கள். மூடி வைத்துவிட்டு இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். அந்த இடைவெளியில் மாவு ஈரத்தை உறிஞ்சி, குளூட்டன் தானாகவே பாதி வலையைப் பின்னிவிடும்.

2. வெண்ணெயைச் சேர்த்துப் பிசையத் தொடங்குங்கள். முதல் மூன்று நிமிடம் கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டி, எல்லாம் கெட்டுப்போனதுபோல இருக்கும். பயந்துபோய் மாவைத் தூவுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தூவாதீர்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளுங்கள், மடியுங்கள், கால்வட்டம் திருப்புங்கள், மறுபடி தள்ளுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் மேசையைவிட்டுத் தானாக உரிந்து வரும். பத்தாவது நிமிடத்தில் காதுமடலைத் தொட்டதுபோல மிருதுவாக இருக்கும்.

போதுமா என்று பார்க்க எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி நான்கு விரல்களாலும் மெல்ல இழுத்து விரியுங்கள். கிழியாமல், பின்னாலிருக்கும் விரலின் நிழல் தெரியும் அளவு மெல்லிய தோலாக விரிந்தால் போதும். சட்டென்று கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம்.

3. எண்ணெய் தடவிய கிண்ணத்தில் போட்டு மூடுங்கள். ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி வரை ஆகலாம், குளிர்காலத்தில் இரண்டும் ஆகலாம். இங்கேதான் கடிகாரம் அதிகம் ஏமாற்றும். மாவு இரட்டிப்பாகியிருக்கிறதா என்று கண் தப்புக்கணக்குப் போடும் என்பதால், நேரான சுவருள்ள டப்பாவில் போட்டு, வெளியே மாவின் தொடக்க மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு வைப்பேன், ஏறியது துல்லியமாகத் தெரியும்.

4. மேசையில் கொட்டி, டின்னின் நீள அளவுக்கு ஒரு செவ்வகமாகத் தட்டுங்கள். பாய் சுருட்டுவதுபோல இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஒவ்வொரு சுருளுக்கும் விரலால் அழுத்தி ஒட்டவையுங்கள், இல்லையென்றால் வெட்டும்போது உள்ளே குகை இருக்கும். மடிப்பு கீழே போகும்படி டின்னில் வையுங்கள்.

5. மறுபடி மூடி நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். டின் விளிம்பைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். விரலில் மாவைத் தொட்டு ஓரத்தில் அரை சென்டிமீட்டர் அழுத்துங்கள். பள்ளம் உடனே மறைந்தால் பொறுங்கள். மெதுவாக எழும்பி லேசான குழி மிஞ்சினால், இதுதான் நேரம். எழும்பவே இல்லை என்றால் தாண்டிப்போய்விட்டது. அப்படியானால் மாவைக் கொட்டி, மறுபடி சுருட்டி, இன்னொரு முறை எழும்ப விடுங்கள், தூக்கிப்போட அவசியமில்லை.

6. இதற்குள் ஓவன் 200-இல் சூடாகியிருக்க வேண்டும். கீழ்த்தட்டில் வைத்து 30-லிருந்து 35 நிமிடம். முதல் பத்து நிமிடம் கண்ணாடிக் கதவு வழியே பாருங்கள், சாகப்போகும் ஈஸ்ட் கடைசியாக ஒரு பாய்ச்சல் காட்டும், ரொட்டி கண்ணெதிரே வளரும்.

எப்போது எடுப்பது? மேல்தோல் பொன்னிறத்தைத் தாண்டி நல்ல பழுப்புக்கு வர வேண்டும். அந்தப் பழுப்புதான் ருசி. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து வினைபுரிவதால் வரும் நிறம் அது, லூயி-கமீய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் அதை விவரித்ததால் அவர் பெயராலேயே மயார் வினை என்கிறார்கள். வெளுத்த ரொட்டி உள்ளே வெந்திருந்தாலும் வாயில் மாவு மாதிரிதான் இருக்கும். துணியைப் பிடித்துக்கொண்டு டின்னிலிருந்து கவிழ்த்து அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தட்டுங்கள், காலிப்பெட்டியைத் தட்டிய ஓசை வந்தால் வெந்தாயிற்று. சந்தேகம் தீராதவர்கள் குத்திப் பார்க்கும் வெப்பமானியை நடுவில் விடலாம், 93 டிகிரி காட்டினால் போதும்.

ஒரு மணி நேரம் வெட்டாதீர்கள். எனக்குத் தெரியும், வெட்டிவிடுவீர்கள். உள்ளே மாவுச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கும், இப்போது கத்தி பட்டால் துண்டு பசையாக இழுபடும். கம்பி ரேக்கில் வைத்துக் காதைக் கிட்டே கொண்டுபோனால் மேல்தோல் படபடவென்று மெல்ல வெடிக்கும் சத்தம் கேட்கும், காத்திருக்கும் நேரத்தில் அதைக் கேட்கலாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழி: இரவில் பிசைந்து மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிரில் ஈஸ்ட் மெல்ல நடக்கும், காலையில் மாவு எழும்பியிருக்கும், மணமும் கூடியிருக்கும். சுருட்டி டின்னில் வைத்தபின் இரண்டாவது எழுச்சிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வரை கொடுங்கள், சில்லென்ற மாவு விழிக்க நேரமாகும்.

பாஸ்தா பேக்: நாள் மோசமாகப் போனால்

மழையில் நனைந்து வந்த நாள், பரீட்சை சொதப்பிய நாள், வீட்டில் யாரோ யாரோடோ பேசாத நாள், இதற்கெல்லாம் இது. பெரிய கரண்டியால் அள்ளும்போது சீஸ் நூலாக இழுபடுவதைப் பார்த்துக்கொண்டு யாராலும் அதிக நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருக்க முடியாது.

நான்கு பேருக்கு: பாஸ்தா 300 கிராம், வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம், பால் 700 மில்லி, துருவிய சீஸ் 200 கிராம், மிளகுத்தூள், உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். வதக்கிய காய்கறி எதுவானாலும் இரண்டு கைப்பிடி. மேலே தூவ ரொட்டித்தூள்.

பாஸ்தாவை உப்புத் தண்ணீரில், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். மிச்ச வேக்காடு ஓவனுக்குள் சாஸைக் குடித்துக்கொண்டே நடக்கும்.

சாஸ்தான் இதில் விஷயம். அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மைதாவைப் போட்டு மிதமான தீயில் ஒன்றரை நிமிடம் கிளறுங்கள். ஈரமணல் போல இருந்தது நுரைத்து இளகும், பச்சை மாவு வாசனை போய் பிஸ்கட் வாசனை வரும். நிறம் மாறக் கூடாது. இப்போது பால். முதலில் அரைக் கரண்டி மட்டும். ஊற்றியதும் உருண்டையாகத் திரண்டு உங்களைப் பயமுறுத்தும், விடாமல் கிளறுங்கள், பசையாகும். அடுத்த அரைக் கரண்டி. அதுவும் கலந்தபின் அடுத்தது. மூன்று நான்கு தடவைக்குப் பிறகு இளகிய கூழானதும் மிச்சப் பாலை மொத்தமாக ஊற்றலாம், இனி கட்டி பிடிக்காது. கட்டி பிடித்துவிட்டால் அழ வேண்டாம், வடிகட்டி இருக்கிறது.

கொதி வந்து ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். கரண்டியின் பின்புறத்தைத் தோய்த்து விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. பாஸ்தா உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் நீர்க்கவே இருக்கட்டும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸ். கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸின் புரதம் சுருங்கி, கொழுப்பு தனியாகப் பிரிந்து, சாஸ் மணல்மணலாகிவிடும். முக்கால் பங்கைப் போட்டு உருகும்வரை கலக்கி, உப்பு மிளகு பார்த்து, பாஸ்தாவையும் காய்கறியையும் சேர்த்துப் பாத்திரத்தில் பரப்புங்கள். மிச்ச சீஸும் ரொட்டித்தூளும் மேலே. 200 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஓரங்களில் சாஸ் குமிழ்விட வேண்டும், மேலே அங்கங்கே கருஞ்சிவப்புப் புள்ளிகள் விழ வேண்டும். பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள். நாக்கு சுட்டால் ருசி தெரியாது.

தக்காளி சூப்

இதற்குச் செய்முறையென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கிலோ பழுத்த தக்காளியைப் பாதியாக வெட்டி, ஒரு வெங்காயத்தை நான்காக நறுக்கி, தோலோடு ஆறு பல் பூண்டு, மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டீஸ்பூன் உப்பு. வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி தட்டில் பரப்பி 200-இல் நாற்பது நிமிடம். தக்காளி சுருங்கி, ஓரம் கறுக்கத் தொடங்கி, தட்டில் வழிந்த சாறு பாகுபோல ஆகியிருக்கும். பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கிவிட்டு, கொஞ்சம் ஆறியதும் எல்லாவற்றையும் 350 மில்லி தண்ணீரோடு அரைத்து ஒருமுறை சூடாக்குங்கள். தட்டில் ஒட்டியிருக்கும் பாகைத் தண்ணீர் விட்டுச் சுரண்டிச் சேர்க்க மறக்க வேண்டாம், சூப்பின் உயிர் அதில்தான். புளிப்புத் தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை. தொட்டுக்கொள்ள மேலே சொன்ன ரொட்டி.

ஓட்ஸ் குக்கீ

இளகிய வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சர்க்கரை 120 கிராம் இரண்டையும் வெளிறும்வரை கரண்டியால் குழைத்து, ஒரு முட்டையை அடித்துச் சேருங்கள். மைதா 100 கிராம், ஓட்ஸ் 130 கிராம், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், உலர்திராட்சையோ சாக்லெட் துண்டுகளோ 100 கிராம். எல்லாம் கலந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில். வெண்ணெய் இறுகினால்தான் குக்கீ ஓவனில் அப்பளம்போல் பரவாது, ஓட்ஸும் ஈரத்தைக் குடித்திருக்கும். டேபிள்ஸ்பூன் அளவு உருண்டைகளாக, ஒன்றுக்கொன்று ஐந்து சென்டிமீட்டர் இடைவிட்டு, 180-இல் பதினொன்றிலிருந்து பதின்மூன்று நிமிடம்.

குக்கீ மட்டும் வேகாததுபோலத் தெரியும்போதே எடுக்க வேண்டும். ஓரம் சிவந்து, நடு இன்னும் கொழகொழவென்று இருக்கும்போது வெளியே எடுத்து, சூடான தட்டிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள். ஆறினால் இறுகும். ஓவனுக்குள்ளேயே கெட்டியாகும்வரை வைத்தால், வெளியே வந்து சுத்தியல் தேட வேண்டியிருக்கும். பக்கத்தில் நிற்கும் குழந்தைகள் பச்சை மாவை விரலால் வழித்துத் தின்னப் பார்ப்பார்கள். பச்சை முட்டை மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம் என்பதால் அதை அனுமதிக்க வேண்டாம்.

மிஞ்சினால்

ரொட்டியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து வேகமாக இறுகி, வெளியே வைத்ததைவிட சீக்கிரம் வறண்டுபோகும். இரண்டு நாளைக்குள் தீரும் என்றால் துணியில் சுற்றி வெளியே வையுங்கள், தீராது என்றால் துண்டு போட்டுக் காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது ஒரு துண்டை உறைந்தபடியே டோஸ்டரில் போடலாம். குக்கீ மாவையும் உருண்டைகளாகவே உறையவைத்து, தேவைப்படும்போது அப்படியே சுடலாம், இரண்டு நிமிடம் கூடுதலாக வேண்டும். பாஸ்தாவைச் சூடாக்கும்போது இரண்டு ஸ்பூன் பால் தெளித்து மூடி வையுங்கள்.

காய்ந்துபோன ரொட்டி ஓரங்களை ஒரு டப்பாவில் சேர்த்து வருவேன். நிறைந்ததும், ஓவனில் வேறு எதையாவது சுட்டு எடுத்தபின் மிச்சமிருக்கும் சூட்டில் வைத்து, கையால் ஒடித்தால் 'டக்'கென்று முறியும்வரை உலர்த்தி, மிக்ஸியில் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்வேன். அடுத்த பாஸ்தாவின் மேலே தூவுவதற்கு.